ஜன்னல் சொற்கள்

6 நவம்பர் 1977

தம்பி எம்பிரிக்குக்கு,

அக்கா ரக்னா எழுதுவது. என் முறிந்த இடுப்பு எலும்பு, வைத்தியர் சொன்ன வேகத்தில் கூடிவருகிறது. மற்ற உறுப்புகள் எழுபத்தைந்து வயதுக்குரிய அலட்சியத்தோடு வேலை செய்கின்றன. உன் முழங்காலும், நீயே சமைத்து நீயே தின்னும் வயிறும் எப்படி இருக்கின்றன என்பதை மறைக்காமல் எழுது.

முதியோர் இல்லம் எப்படி என்று கேட்டிருந்தாய். சுத்தமாக இருக்கிறது. இதற்கு மேல் சொல்வது புகாராகிவிடும். ஜன்னல் விளிம்பெங்கும் குளிர் புகாதபடி நாடா ஒட்டியிருக்கிறார்கள். திறக்க வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும். அறைத் தோழி விபோர்க் அம்மாள் விழித்திருக்கும்போது ஒரே பாட்டின் முதல் அடியை முணுமுணுப்பாள். இரண்டாம் அடி அவளுக்கு வராது. வெளியே தெரிவது கார் நிறுத்துமிடமும், அங்கே இயந்திரம் வழித்துக் குவித்த அழுக்குப் பனியும்.

போன ஞாயிறு என் மகன் ஐவின் வந்தான். ஆஸ்லோ வீட்டுக்கு எப்போது திரும்புவது என்று கேட்டேன்.

“அம்மா, மூணு மாடி, லிஃப்ட் கிடையாது. உன்னை அங்க தனியா விட்டுட்டு நான் நிம்மதியா பல்லு பிடுங்க முடியுமா?”

“அப்ப எம்பிரிக் வீட்டுக்குப் போறேன். அது தரையோட இருக்கிற வீடு.”

“மாமாவுக்கே எழுபத்தொண்ணு. நீ விழுந்தா அவர் தூக்குவாரு, அவர் விழுந்தா யாரு தூக்குறது?”

“அவன் ஞாயித்துக்கெழமை தவறாம சறுக்குக்கட்டை மாட்டிட்டு மலைக்குப் போறவன்டா. உனக்கு அந்தப் பல்லு பிடுங்குற நாற்காலியைச் சுத்தி வர்றதுதான் தேகப்பயிற்சி.”

“இன்னும் போறாரா? நிஜமா? அப்படின்னா ஈஸ்டர் சமயத்துல யோசிக்கலாம்.”

அந்த ‘யோசிக்கலாம்’ தான் இப்போது என்னிடமுள்ள ஒரே சொத்து. ஆகவே ஒன்று செய். நான் வேலை பார்த்த பல்கலைக்கழகச் சொற்களஞ்சியத்திலிருந்து, பனிச்சறுக்கு நடையைப் பற்றிய பக்கங்களை என்னிடம் சரிபார்க்க அனுப்பியிருக்கிறார்கள். இரக்கப்பட்டு அனுப்பினார்கள் என்றே நினைக்கிறேன், இருந்தாலும் பக்கங்களில் பிழை நிஜமாகவே இருக்கிறது. நீ மலைக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும், பனி எப்படி இருந்தது, கட்டையின் அடியில் என்ன மெழுகு பூசினாய், அதற்கு நம் பள்ளத்தாக்கில் என்ன சொல் என்று எழுது. களஞ்சியத்துக்கும் ஆகும்; ஐவினுக்கு உரக்கப் படித்துக் காட்டவும் ஆகும்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அணிந்துகொள்.

அக்கா,
ரக்னா

27 நவம்பர் 1977

அன்புள்ள அக்காவுக்கு,

எம்பிரிக் எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் குளிரில் கொஞ்சம் முறைக்கிறது, வயிறு வாயை மூடிக்கொண்டிருக்கிறது. நீ எலும்பு கூடும்வரை மேட்ரன் சொல்வதைக் கேட்டு நட.

இங்கே வர வேண்டும் என்று நீ நினைப்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. என் மனைவி போனதிலிருந்து வீட்டில் கடிகாரம் மட்டுந்தான் பேசுகிறது. அம்மாவின் அறையில் இப்போதே அடுப்பு மூட்டிவைத்திருக்கிறேன், சுவர் ஈரம் போகட்டும் என்று.

நீ கேட்டபடி எழுதுகிறேன். நல்ல பனி விழுந்திருக்கிறது. இன்று ஞாயிறு, சறுக்கப் போனேன். வேலிக்கழிகளின் தலையிலெல்லாம் சர்க்கரை கொட்டினதுபோல் வெள்ளை வெளேரென்று இருந்தது. வெயில் பட்டதும் மினுமினுவென்று மின்னியது. ஃபர் மரங்கள் கிளை தாழ்ந்து நின்றன. மிகவும் அழகு.

கிளம்பும்போது பக்கத்துப் பண்ணை பிர்கிட் சமையலறை வாசலிலிருந்து கத்தினாள்: “அடேயப்பா, போன ஞாயிறு வெயில் அப்படி அடிச்சுது, ஆளையே காணல! முட்டையில அடை உக்காந்திருந்தியாக்கும்னு நெனச்சேன்!” அவளுக்கு வேறு வேலை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஐவினுக்கு என் விசாரிப்பைச் சொல்.

தம்பி,
எம்பிரிக்

12 டிசம்பர் 1977

தம்பிக்கு,

நான் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தின் கோடிவரை போய்வருகிறேன். அங்கே பார்க்க ஒரு ரப்பர்ச் செடி இருக்கிறது. உனக்குச் சளி ஏதும் பிடிக்கவில்லையே?

உன் கடிதத்தை ஐவினுக்குப் படித்தேன். “பரவால்லையே, மாமா இன்னும் கெட்டிதான்!” என்றான். அவன் பட்டணத்தில் வளர்ந்தவன், அவனுக்கு இது போதும். எனக்குப் போதவில்லை. வெள்ளை வெளேர், மினுமினு, அழகு: இவை வாழ்த்து அட்டைக்காரனின் சொற்கள். நாற்பதாண்டுகள் நான் இத்தகைய சொற்களைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். பனியைப் பற்றிய சொற்கள் இரண்டு சாதி. ஒன்று, ஜன்னலுக்கு உள்ளிருப்பவன் சொல்வது. அதற்குக் கண் போதும். மற்றது, கட்டையின் மேல் நிற்பவன் சொல்வது. அது பாதத்தின் வழியாக வருவது. மலைக்குப் போய்வந்தவன், பனி மின்னியது என்று சொல்லவே மாட்டான். பிடித்தது என்பான், விட்டது என்பான், இழுத்தது என்பான், கட்டைக்கடியில் பனி கட்டி பிடித்துக் குதியுயர்ந்த செருப்புப்போல் ஆயிற்று என்று திட்டுவான். அப்பா கதவைத் திறந்து உள்ளே வந்ததும் சொன்ன முதல் சொல் எப்போதும் பாதத்தைப் பற்றியதாகத்தான் இருந்தது. மரம் கிளை தாழ்ந்ததை அவர் ஒருநாளும் கவனித்ததில்லை.

நம் தோட்டத்து மேட்டில் மீன்முள் நடை போட்டாயா, அதாவது கட்டைகளைக் கோணலாக விரித்து ஏறினாயா? அல்லது மெழுகே பிடித்து நேராக ஏற்றியதா? இதற்குப் பதில் வேண்டும். அழகு வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு இங்கே மீன் கூழ் தருவார்கள். நீ வறுத்த விலா இறைச்சி செய்வாய் என்று நினைத்துப் பொறாமைப்படுகிறேன். புத்தாண்டில் நோய் நொடி உன்னை அணுகாதிருக்கட்டும்.

ரக்னா

8 ஜனவரி 1978

அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. சளி இல்லை. உன் இடுப்பு இந்த ஆண்டு உன்னை இங்கே கொண்டுவந்து சேர்க்கட்டும்.

நீ திட்டியது நியாயம். இந்தமுறை ஒழுங்காக எழுதுகிறேன். புத்தாண்டு தினத்தன்று அப்பாவின் மலைக்குடில்வரை போய்வந்தேன். நீல மெழுகு பூசினேன். மேட்டில் அருமையாகப் பிடித்தது, மீன்முள் நடைக்கு வேலையே இல்லை. திரும்பும்போது நன்றாக ஓடியது. ஏரிமேல் இரண்டு கோலையும் ஒன்றாக ஊன்றித் தள்ளியே வந்துவிட்டேன். குடிலின் வெயில் சுவரில் சாய்ந்து ஆரஞ்சுப்பழம் தின்றேன். நீ வந்ததும் அங்கே போவோம்.

பிர்கிட் இன்று, “நீ போறதத்தான் பாக்குறேன், வர்றதப் பாக்கவே முடியல, மலைக்கு அந்தாண்ட சின்னவீடு ஏதாச்சும் வச்சிருக்கியா?” என்றாள். சிரித்துவைத்தேன்.

சாப்பாட்டைக் குறைக்காதே.

எம்பிரிக்

15 ஜனவரி 1978

தம்பிக்கு,

என் உடம்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உன் உடம்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும் கேட்கப்போகிறேன்.

எனக்கு இங்கே செய்தி, தேவாராதனை, வானிலை ஆகிய மூன்றையும் கேட்க வானொலி ஒன்று உண்டு. புத்தாண்டு தினத்தன்று நம் மலைகளில் உறைநிலைக்கு மேலே மூன்று பாகை, மழை. அன்று நீ நீல மெழுகு பூசிக்கொண்டு மேட்டில் ஏறியிருக்கிறாய். குளிரில் காய்ந்த பனிக்குத்தான் நீலம். மழையில் ஊறிய பனிக்கு ஒட்டுக்களிம்பைத் தவிர எதுவும் பிடிக்காது. நீலம் பூசினவன் அன்று ஓரடி வைத்தால் ஈரடி பின்னால் வழுக்கியிருப்பான். நம் பள்ளத்தாக்கில் ஐந்து வயதுப் பிள்ளை இந்தத் தவற்றைச் செய்யாது. நீ முப்பது குளிர்காலம் கணவாய்த் தடத்தில் அடையாளக் கிளை நட்டு ஊராருக்கு வழிகாட்டியவன். வெயில் சுவராம். மழைநாளில்.

ஐவினுக்குப் படிக்கும்போது ‘நீல மெழுகு’ வந்த இடத்தில் ‘ஒட்டுக்களிம்பு’ என்று வாசித்தேன். வெயில் சுவரைத் தாண்டிவிட்டேன். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மேற்கோளைத் திருத்தியிருக்கிறேன், எம்பிரிக். அதற்கான காரணத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு உண்டு.

அன்று நீ எங்கே இருந்தாய்?

நலமாயிருந்தால் பதில் எழுது. நலமில்லையென்றால் உடனே எழுது.

ரக்னா

19 பிப்ரவரி 1978

எம்பிரிக்,

உயிரோடிருக்கிறாயா? பிர்கிட்டுக்குத் தொலைபேசினேன். “ஆளு நல்லாத்தான் இருக்கான். ஞாயித்துக்கெழமை கட்டைய மாட்டிட்டுப் போறான், அப்புறம் பாத்தா கன்னம் செவந்து நிக்கிறான்” என்றாள். அதிலிருந்து நீ என்மேல் கோபமாக இருக்கிறாய், அல்லது வெட்கமாக இருக்கிறாய் என்று தெரிகிறது. கோபமென்றால் உன் கையெழுத்து இதற்குள் வந்திருக்கும்.

செய்தி இரண்டு. ஏப்ரல் முடிவில் என் ஆஸ்லோ வீட்டை விட்டுவிடப் போவதாக ஐவின் சொல்கிறான். அதன்பிறகு இந்த அறை எனக்கு நிரந்தரம். இரண்டாவது, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் அவன் உன் வீட்டுக்கு வருகிறான். “மாமாவோட குடில் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வரேன்மா. கண்ணால பாத்துட்டா எனக்கும் நிம்மதி. அவர் போய் வந்துட்டார்னா உன்னை ஈஸ்டருக்கு அங்க கொண்டுபோய் விட்டுடறேன்.”

பாட்டின் முதல் அடி இப்போது எனக்குக் கனவிலும் வருகிறது.

உன் உடம்புக்கு என்ன?

ரக்னா

26 பிப்ரவரி 1978

அக்கா,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொல்கிறார். அதுதான் சங்கடம்.

போன மார்ச்சில் கிளை நடப் போனேன். கடைசி பிர்ச் மரத்தைத் தாண்டியதும் மொட்டைச் சரிவு வரும் அல்லவா, அங்கே வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிட்டன. மேடு எது பள்ளம் எது என்று தெரியவில்லை. நின்றுகொண்டிருக்கிறேனா, ஓடிக்கொண்டிருக்கிறேனா என்றும் தெரியவில்லை. தலை சுற்றியது. விழுந்தேன். அடிபடவில்லை, ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. நின்றால் தரை நகர்ந்தது. சாயங்காலம்வரை, நடக் கொண்டுபோன கிளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு தவழ்ந்து மரங்களுக்குள் வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. முழங்கால் என்று சொல்லி, கிளை நடும் வேலையை இளைஞர்களிடம் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பற்றிக்கொள்ள எதுவும் இல்லாத இடத்தில் என்னால் நிற்க முடிவதில்லை. கோல் இருக்கிறதே என்பாய். கோல் நம்மைப் பிடிப்பதில்லை, நாம்தான் அதைப் பிடிக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வீட்டுக்குள் இருந்தால் இந்த ஊரில் என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும். அதனால் முதுகுப்பையில் காப்பிக்குடுவையும் ஆரஞ்சும் வைத்து, கட்டையை மாட்டி, பிர்கிட்டின் ஜன்னல் பார்க்க முற்றத்தைக் கடப்பேன். தானியக் கொட்டகைக்குப் பின்னால் போனதும் கழற்றிவிட்டு, பின்கதவு வழியாக உள்ளே. அங்கே அம்மாவின் பழைய பனி உதைவண்டி கிடக்கிறது. அதன் இருக்கையில் உட்கார்ந்து காப்பி குடிப்பேன். பலகை இடுக்கில் வெளியே பார்ப்பேன். ஒரு நடை போய்வரும் நேரம் ஆனதும், கன்னத்தில் பனியைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். உன் கடிதங்களுக்கு வேண்டிய பனியெல்லாம் அந்த இடுக்கில் பார்த்ததுதான். புத்தாண்டன்று மழை பெய்ததுகூட எனக்குத் தெரியும். நீ மெழுகு கேட்டாயே என்று பழைய ஞாபகத்திலிருந்து எடுத்து எழுதினேன்.

நான் போவதில்லை என்று தெரிந்தால் ஐவின் உன்னை விடமாட்டான். அதனால்தான் எழுதவில்லை. வீட்டில் இன்னொரு குரல் கேட்க வேண்டும் என்ற என் ஆசையும் அதில் இருந்தது.

நீ தூங்குகிறாயா? விபோர்க் அம்மாளுக்கு இரண்டாம் அடியைச் சொல்லிக்கொடுத்துப் பாரேன்.

எம்பிரிக்

5 மார்ச் 1978

தம்பிக்கு,

தூங்குகிறேன். இரண்டாம் அடியைச் சொல்லிக்கொடுத்தேன். அவள் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். நீ காப்பியைக் குறை, தலைச்சுற்றலுக்கு அது ஆகாது.

அனுதாபம் எழுதப்போவதில்லை, எனக்கு அந்த நடை கைவராது. நீ கொட்டகைக்குள் இருக்கிறாய், நான் நாடா ஒட்டிய ஜன்னலுக்குள் இருக்கிறேன். உன்னுடையதில் காப்பி நன்றாயிருக்கும் என்பதைத் தவிர வேற்றுமை எனக்குத் தெரியவில்லை. என் அடைப்பு உடைவதற்கு உன் அடைப்பு உடைய வேண்டியிருக்கிறது என்பது யாருடைய ஏற்பாடோ, அவனை நான் மெச்சவில்லை.

ஐவின் வர இன்னும் இரண்டு வாரம் இல்லை. கொட்டகையின் பின்பக்கம் வரை போகிறாய். நாளை அதைத் தாண்டி முதல் வேலிவரை போ. கடைசி பிர்ச் மரம் வரை மரங்கள் உண்டு, பற்றிக்கொள்ளலாம். மொட்டைச் சரிவை மட்டும் அன்றைக்கு ஒருநாள், ஒருமுறை, கடந்துவிடு. ஐவினின் முதுகைப் பார்த்துக்கொண்டு போ. அவன் அகலமான பிள்ளை.

இதை உன் நன்மைக்காகச் சொல்வதாக நினைக்காதே. எனக்கு இங்கிருந்து போக வேண்டும். நேற்று ஒரு பணிப்பெண் என்னிடம் குனிந்து, “நாம இன்னைக்கு நல்லபிள்ளையா சாப்ட்டோமா?” என்று கேட்டாள். ‘நாம்’ என்பதில் அடங்கியவர்கள் யார் யார் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. சாப்பிட்டேன் என்று தலையாட்டினேன். அதன் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

முழங்காலுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடு.

ரக்னா

20 மார்ச் 1978

அக்கா,

உடம்பு நலம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல செய்தி அது ஒன்றுதான்.

ஐவின் சனிக்கிழமை வந்தான். அடியில் மீன் செதில் வெட்டிய புது பிளாஸ்டிக் கட்டைகள். “மெழுகே வேணாம் மாமா, இந்தக் காலத்துல யாரு தேய்ச்சிக்கிட்டு உக்காந்திருக்கா?” என்றான். ஞாயிறு காலை கிளம்பினோம். பிர்கிட் கையாட்டினாள். “இன்னைக்காவது கூட ஆள் இருக்கு, சின்னவீட்டுக்குப் போக முடியாது!” என்று கத்தினாள். கொட்டகையைத் தாண்டினேன். நீ சொன்ன வேலியைத் தாண்டினேன். கடந்த இரண்டு வாரத்தில் கடைசி பிர்ச் வரை தினமும் போய்வந்திருந்தேன், அது உனக்குத் தெரிய வேண்டும்.

கடைசி பிர்ச்சுக்கு வந்தபோது வானம் இறங்கிவிட்டது. போன வருஷத்தைப் போலவே. இளைஞர்கள் நட்ட கிளைகள் காற்றில் மிதப்பதுபோல் வரிசையாகத் தெரிந்தன. ஐவினின் முதுகைப் பார்த்தேன். அது போய்க்கொண்டே இருந்தது. நான் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“மாமா? என்னாச்சு? நெஞ்சு வலிக்குதா?”

“இல்லடா.”

“கட்டை கழண்டுருச்சா?”

“இல்ல. வர முடியல.”

“இப்பதான் நல்லா வந்தீங்க! இன்னும் கொஞ்சதூரந்தானே?”

“எனக்கு வராதுடா ஐவின். ஒரு வருஷமா வரல.”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கொட்டகையையும் சேர்த்து. அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். வீட்டில் எனக்கு அவனே காப்பி போட்டுக் கொடுத்தான். “மாமா, உங்களயே ஒருத்தர் பாத்துக்கணும். அம்மாவையும் இங்க விட்டா நான் ராத்திரி தூங்குறதா வேணாமா?” என்றான். எனக்கும் அந்த இல்லத்தில் இடம் விசாரிக்கிறானாம்.

உன் கதவைச் சாத்தியது நான்தான். அம்மாவின் அறை அடுப்பை அணைக்கவில்லை. அணைக்க மனம் வரவில்லை.

எம்பிரிக்

24 மார்ச் 1978, புனித வெள்ளி

தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன், கோபம் எலும்புக்கு நல்லது என்று தோன்றுகிறது. நீயும் அழாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், கண்ணீர் அந்தக் குளிரில் உறைந்துவிடும்.

ஐவின் நேற்று டியூலிப் பூக்களோடு வந்தான். பூவோடு வருபவன் கெட்ட செய்தியோடு வருகிறான் என்பது எந்த மொழிக்கும் பொது. பேசி முடித்ததும், “உனக்கு வருத்தம்தானேம்மா?” என்றான். இல்லை, யோசனை என்றேன். அவன் போனபின் மேட்ரனிடம் போனேன், நடைச்சட்டத்தை உருட்டிக்கொண்டு.

“நான் இங்கேயிருந்து போகணும்னா யாரோட கையெழுத்து வேணும்?” என்று கேட்டேன்.

“கையெழுத்தா? எதுக்கும்மா? நீங்க என்ன ஜெயில்லயா இருக்கீங்க?” என்றாள். “முந்தின நாளே சொல்லிட்டா உங்க பங்கு உருளைக்கெழங்கை வேக வைக்க மாட்டோம். அவ்வளவுதான்.”

உருளைக்கிழங்கு, எம்பிரிக். நவம்பர் முதல் என்னைக் கட்டிப்போட்டிருந்தது அதுதான். மூக்குத் துடைத்து நான் வளர்த்த பிள்ளையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு அத்தனை மாதம் உட்கார்ந்திருந்தேன். அவன் கெட்டவன் அல்லன். தூக்கம் வேண்டும் என்கிறான். அதற்காக நான் படுத்துக்கொண்டிருக்க முடியாது.

இப்போது உன் விஷயம். உன் கடிதத்தில் உன் கோழைத்தனத்தைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. பனியைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசி பிர்ச் வரை தினமும் போய்வந்தவன் எழுதும் கடிதமா இது? போகட்டும். பிப்ரவரிக் கடிதத்தை மறுபடி படித்தேன். உனக்கு, பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். எனக்கு, உட்கார ஏதாவது வேண்டும். நீ எதன்மேல் உட்கார்ந்து காப்பி குடித்தாய் என்று யோசி. பனியில் வழுக்கி ஓடும் நீள இரும்புச் சட்டத்தின் மேல் ஒரு நாற்காலி, பின்னால் கைப்பிடி. ஒருவர் உட்கார, ஒருவர் கைப்பிடியைப் பற்றி ஒரு காலால் உதைத்துத் தள்ள. அம்மாவைத் தேவாலயத்துக்கு நாம் அப்படித்தானே தள்ளிக்கொண்டு போவோம்? குளிர்காலம் முழுவதும் நீ விடையின் மேல் உட்கார்ந்திருக்கிறாய்.

ஏப்ரல் ஐந்து, புதன். காலை ரயிலில் வருகிறேன். பகலில் இளகி இரவில் உறைந்த பனியின் கெட்டியான மேலோடு முற்பகல்வரைதான் ஆளைத் தாங்கும். நேரம் தவறினால் இருவரும் முழங்காலளவு புதைவோம், எனக்கு அவ்வளவு எலும்பு இல்லை. வந்து சேர்ந்தபின் ஐவினுக்கு எழுதுவேன். நாம் இருவரும் விழலாம். விழுந்தால் விழுந்தோம். இங்கேயும் தாழ்வாரத்தில் வாரம் ஒருவர் விழுகிறார்கள். ரப்பர்ச் செடிக்கு முன்னால்.

முடியாதென்றால் தந்தி அடி. காரணம் எழுத வேண்டாம்.

ரக்னா

31 மார்ச் 1978

அக்கா,

நான் நலம். பயணத்துக்கு முந்தின நாள் வயிறு நிறையச் சாப்பிடாதே.

தந்தி அடிக்க இரண்டுமுறை அஞ்சலகம்வரை போனேன். போனது, உதைவண்டியில். சட்டத்தின் துருவைத் தேய்த்து எண்ணெய் போட்டிருக்கிறேன், இருக்கைப் பலகை ஒன்று மாற்றியிருக்கிறேன். இன்று விடிந்ததும் மேட்டுவழியாக மேலே போனேன். மேலோடு தாங்கியது. உதைத்த கால் நகக்கண் ஆழம் இறங்கி, அப்புறம் நின்றது. சட்டத்தின் அதிர்வு கைப்பிடியில் ஏறி முழங்கைவரை வந்தது. ஏரிக்கரையில் கரகரத்தது, நிழல் விழும் இடத்தில் இழுத்தது. கடைசி பிர்ச்சுக்கு அப்புறம் முதல் கிளை நட்ட இடம்வரை போனேன். அங்கே தரை நகரப் பார்த்தது. கைப்பிடியை விடவில்லை. அதற்கு மேல் போகவும் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். பனி பார்க்க எப்படி இருந்தது என்று கேட்காதே. நான் பாதத்தைத்தான் கவனித்தேன்.

முற்றத்தில் பிர்கிட் நின்றாள். “இதென்னய்யா, வயசானவங்க வண்டி?” என்றாள். “ஆமா, வயசானவங்க வர்றாங்க” என்றேன்.

ஒரே ஒரு குறை. காலி வண்டி நேராக ஓடவில்லை. லேசாக இருப்பதால் முன்பக்கம் எழும்பி, அங்குமிங்கும் அலைகிறது. பாரம் இருந்தால்தான் தடம் பிடிக்கும்.

புதன்கிழமை ஸ்டேஷனில் இருப்பேன்.

தம்பி,
எம்பிரிக்